விளக்கு எரிந்த பிறகு ஒரு பதினைந்து நிமிடம்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் தை பிறந்தால் ஆவணி முடியும் வரை ஏதாவது ஓர் ஊரில் நோம்பி நடந்துகொண்டே இருக்கும். பங்குனி, சித்திரையில் கிராமத்து மாரியம்மன்களுக்கு. ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மனைத் தொட்டு நகரம் முழுக்க. பொங்கல், மாவிளக்கு, கிடாவெட்டு, வாணவேடிக்கை எல்லாம் முடிந்து கடைசியில் இன்னிசைக் கச்சேரி. அதற்கு முன்பணம் கொடுக்க வரும் கமிட்டிக்காரர்கள் எங்களிடம் எல்லாவற்றையும் விவரமாகப் பேசுவார்கள். பாடகர்கள் எத்தனை பேர், பெண் குரல் யார், எம்.ஜி.ஆர். பாட்டு எத்தனை, நடனம் உண்டா, சவுண்டு யார். ஒன்றை மட்டும் பேசமாட்டார்கள். மேடை விளக்குகளை எல்லாம் போட்ட பிறகு, ஒருவரும் மைக்கைப் பிடிக்காமல் எங்களை விட்டுவிடும் பதினைந்து நிமிடம். சுருதி சேர்க்கிற அந்த நேரத்தை ஒப்பந்தத் தாளிலேயே எழுத வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ராசிபுரம் பக்கத்துக்காரன். அரசுப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பள்ளி இல்லாத இரவுகளில் மெல்லிசைக் குழுக்களில் லீட் கிட்டார் வாசித்தேன். ஓய்வுக்குப் பிறகும் வாசிக்கிறேன். சேந்தமங்கலம், பரமத்தி வேலூர், மல்லசமுத்திரம், எடப்பாடி, வாழப்பாடி என்று இந்தச் சமவெளியில் நான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போகாத ஊர் குறைவு.

கச்சேரி ஏழு மணிக்கு என்று நோட்டீஸில் இருக்கும். மதியம் மூன்று மணிக்கே எங்கள் வேன் கோயில் மைதானத்தில் நிற்கும். சவுண்டு சர்வீஸ்காரர் பாக்ஸ் அடுக்கி, ஜெனரேட்டரைக் கிளப்பி, லைன் கொடுக்க ஆறு மணி ஆகும். நாங்கள் மேடை ஏறி ஒயரை மாட்டும்போது கோயிலில் பூசை தொடங்கியிருக்கும். பம்பையும் மேளமும் ஓயும் வரை நாங்கள் சத்தம் காட்டக் கூடாது. அது முறை, அதில் எனக்குக் குறையே இல்லை. பூசை முடிந்ததும் பெரியவர்கள் மேடைக்கு வருவார்கள். உபயதாரர்களுக்குப் பொன்னாடை. பந்தல் போட்டவருக்குப் பொன்னாடை. அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவருக்கு, மைக் செட்டுக்குப் பணம் கொடுத்தவருக்கு, வெளியூரிலிருந்து வந்த பிரமுகருக்கு. ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தை பேசுவார்கள். எட்டே முக்கால் ஆகிவிடும்.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் சொல்வது. திருவிழாக் காலத்தில் நள்ளிரவு வரை விலக்குக் கொடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருந்தாலும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கொடுக்க முடியாது. அதனால் எங்களுக்குப் பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிற கச்சேரிதான். மேடை விளக்குகள் எல்லாம் பொன்னாடைகள் முடிந்த பிறகுதான் முழுசாக எரியும். கம்பியில் கை வைத்து ஒரு திருகு திருகினால் கீழேயிருந்து ஒரு கமிட்டிக்காரரின் குரல் வரும்: “ஏனுங்க வாத்தியாரே, இன்னும் என்னத்தைத் திருகிக்கிட்டு இருக்கறீங்க? பாட்டை எடுத்து உடுங்க, மணி ஆகுதுங்க!” அவர் நல்ல மனுஷர். ஊருக்காக ஒரு மாதம் தூங்காமல் அலைந்தவர். அவரிடம் அந்த நேரத்தில் காரணம் சொல்ல முடியாது. அந்தக் காரணத்தை இங்கே சொல்கிறேன்.

மின்கிட்டாரில் ஆறு எஃகுக் கம்பிகள். நாங்கள் சாதாரணமாக மாட்டுகிற செட்டில் முதல் கம்பி கால் மில்லிமீட்டர் தடிமன். ஆறும் சேர்ந்து கழுத்துக் கட்டையை ஏறக்குறைய 45 கிலோ எடைக்குச் சமமாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. எஃகு சூடானால் நீளும், நீண்டால் இழுவை குறையும், ஸ்வரம் இறங்கும். இது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் ஆறு கம்பியும் ஒரே அளவு இறங்குவதில்லை என்பதுதான் தொல்லை. முதல் கம்பி தன் நீளத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கு அளவுக்கு இழுபட்டு நிற்கிறது. மூன்றாவதான ஜி கம்பி அதைவிடத் தடிமன். ஆனால் ஆயிரத்தில் இரண்டரைப் பங்குதான் இழுபட்டிருக்கிறது. சூடு இரண்டையும் ஒரே விகிதத்தில் நீட்டுகிறது. கொஞ்சமாக இழுபட்ட கம்பிக்கு அந்த நீட்சி பெரிய இழப்பு. யங் குணகத்தையும் எஃகின் விரிவுக் கெழுவையும் வைத்துக் கணக்குப் போட்டால், கம்பியின் வெப்பம் 10 டிகிரி ஏறும்போது முதல் கம்பி அரை ஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு இறங்கும். ஜி கம்பியோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிடும். மொத்தமாக இறங்கினால் கீபோர்டுக்காரரை ஒரு பட்டனைத் தட்டச் சொல்லிச் சமாளிக்கலாம். ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் இறங்கினால் ஒரு கார்டு கூட நேராக ஒலிக்காது. ஜி கம்பியைத்தான் எல்லா ஊர்க் கிட்டார்காரர்களும் சபிப்பார்கள். காரணம் அதன் தடிமனில் இருக்கிறது.

எங்கள் சமவெளியில் சித்திரை மத்தியானம் 40 டிகிரியைத் தாண்டும் நாள்கள் உண்டு. கதவடைத்த வேனுக்குள் பெட்டியில் கிடந்த கிட்டார் அதைவிடச் சூடாக வெளியே வரும். மாலை ஏழு மணிக்கு மரநிழலில் காற்று வீசும்போது ஒரு நிலை. மேடையில் ஃபோகஸ் லைட்டுகளுக்கு அடியில் வேறு நிலை. கம்பி மெல்லியது, ஒரு நிமிடத்தில் சூடேறிவிடும். கட்டை மெதுவாகத்தான் பின்தொடரும். அதனால்தான் மாலை நான்கு மணிக்கு வேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு கவனமாகச் சேர்த்தாலும் அந்தச் சுருதி ஒன்பது மணி மேடைக்கு உதவாது. எங்கே வாசிக்கப்போகிறோமோ அங்கே, எந்த வெளிச்சத்தில் வாசிக்கப்போகிறோமோ அந்த வெளிச்சத்தில் சேர்க்க வேண்டும். மே மாதக் கோடை விழாவுக்குச் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போகிற குழுக்களுக்கு இது தலைகீழாக நடக்கும்: குளிரில் கம்பி இறுகி ஸ்வரம் ஏறி நிற்கும். ஏ.சி. கல்யாண மண்டபத்தில் கதவைத் திறந்து திறந்து மூடினால் ஏற்றமும் இறக்கமும் ஒரே இரவில்.

இப்போது மேடை விளக்கெல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டதே, சூடு ஏது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சூடு குறைந்திருப்பது உண்மை. ஆனால் பகல் வெயிலுக்கும் இரவுக் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த விளக்கும் மாற்றவில்லை. கிராமங்களில் பழைய ஃபோகஸ் லைட்டும் இன்னும் ஓயவில்லை.

கிட்டார் தனியாக இருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்தில் புல்லாங்குழல் இருக்கிறது. காற்று சூடானால் அதில் ஒலி வேகமாக ஓடும், ஒரு டிகிரிக்கு வினாடிக்கு 0.6 மீட்டர் கூடும். அதனால் குழலின் ஸ்வரம் மேலே ஏறப் பார்க்கும். குழல்காரர் உதட்டைத் திருப்பிச் சமாளித்துக்கொண்டே வாசிப்பார். தோல் வாத்தியம் அனலில் இறுகும், ஈரக்காற்றில் தொய்யும். கீபோர்டு மட்டும் எந்த வெயிலுக்கும் அசையாமல், 1939இல் லண்டன் மாநாட்டில் ஒப்புக்கொண்ட 440 ஹெர்ட்ஸிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரே மேடையில் ஒரே வெப்பம், ஒவ்வொரு வாத்தியமும் ஒவ்வொரு பக்கம் போகிறது. இவற்றையெல்லாம் ஓர் இடத்துக்குக் கொண்டுவர நேரம் வேண்டாமா?

அதே கோயில் வாசலில் தப்பட்டை அடிக்க வருகிறவர்களைப் பாருங்கள். வைக்கோலையோ பழைய தாளையோ கொளுத்தி, தோலை அனலில் காட்டி, ஒரு தட்டுத் தட்டிக் காதில் வாங்கி, மறுபடி அனலில் காட்டுவார்கள். “சீக்கிரம் அடிங்கப்பா” என்று அவர்களை விரட்டுகிற ஆளை எங்கள் ஊர்களில் நான் பார்த்ததில்லை. காய்ச்சாத தப்பட்டை பேசாது என்று சின்னப் பையனுக்கும் தெரியும். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் நனைத்து ஒன்று மாற்றி ஒன்றாக ஊதிப் பார்ப்பதையும் யாரும் குறை சொல்வதில்லை. கேட்கத் தெரிந்த ஊர்தான் இது. மின்சாரத்தில் ஓடுகிற வாத்தியம் என்றதும், ரேடியோ மாதிரி சுவிட்சைப் போட்டால் பாடிவிடும் என்று எப்படியோ ஒரு நினைப்பு வந்துவிட்டது. கிட்டாரில் மின்சாரம் சத்தத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். சுருதி முழுக்கக் கம்பியிலும் கட்டையிலும் கையிலும் இருக்கிறது. பிசகையும் மின்சாரம் அதே அளவுக்குப் பெரிதாக்கித்தான் கொடுக்கும்.

சேர்ப்பதில் என்ன அவ்வளவு வேலை என்று கேட்பவர்களுக்காக, கிட்ட வந்து பாருங்கள்.

என் கையில் இருப்பது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் செய்த கிட்டார். 1954இல் லியோ ஃபெண்டரின் கம்பெனி கொண்டுவந்த வடிவம். தலைப்பக்கத்து நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 648 மில்லிமீட்டர். பிரிட்ஜைப் பின்பக்கம் ஸ்பிரிங்குகள் இழுத்துப் பிடிக்கின்றன. முன்பக்கம் கம்பிகள் இழுக்கின்றன. இரண்டும் சமமாக இருக்கும் இடத்தில் பிரிட்ஜ் மிதக்கிறது. அதனால் ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் ஒரு பொட்டு இறங்கும். ஆறையும் ஒரு சுற்றுச் சேர்த்து முடித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து வர வேண்டும், இரண்டு மூன்று சுற்று. பாதிப் பாட்டில் ஒரு கம்பி அறுந்தால் மீதி ஐந்தும் ஏறிவிடும். “ஒண்ணு போனா என்னங்க, அஞ்சு இருக்குதுல்ல” என்பது இந்த வாத்தியத்துக்குப் பொருந்தாது.

திருகும்போது நட்டில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டால் கம்பி அங்கே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ட்யூனரில் முள் நேராக நிற்கும். முதல் பாட்டில் ஒரு முறை கம்பியை வளைத்து வாசித்ததும் பிடி விட்டு ஸ்வரம் ஓடிவிடும். அந்தக் காடியில் பென்சில் முனையால் தேய்த்துக் கரித்தூள் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். எப்போதும் கீழே இறக்கி, அங்கிருந்து ஏற்றித்தான் ஸ்வரத்தில் நிறுத்த வேண்டும். ஏற்றியதை இறக்கி நிறுத்தினால் திருகாணிப் பல்லில் இருக்கும் தொய்வு பிறகு நழுவும். புதுக் கம்பி என்றால் இன்னும் கவனம். நாமக்கல் லாரிக்காரர்கள் லோடு ஏற்றித் தார்ப்பாய்க் கயிற்றை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரம் கட்டி இன்னொரு முறை முறுக்கிக் கட்டுவார்களே, அதே கதைதான். கம்பியை விரலால் மேலே இழுத்து இழுத்து விட்டு, இறங்கியதை மறுபடி ஏற்றி, இழுத்தாலும் இறங்காது என்ற நிலை வந்த பிறகுதான் அது மேடைக்கு ஆகும். அதற்குத் திருகாணியில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கக் கூடாது.

பிறகு காது. ஆறாம் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினால் மணி மாதிரி ஒரு மேல் ஸ்வரம் வரும். ஐந்தாம் கம்பியின் ஏழாம் ஃப்ரெட்டில் அதேபோல் மீட்டினால் கிட்டத்தட்ட அதே ஸ்வரம். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், விலகல் இருக்கும் வரை ஒலி அலைஅலையாக எழும்பித் தணியும். விலகல் குறையக் குறைய அலை நீளும். நான் படித்த காலத்தில் மாஸ்டர், அலை முழுக்க நிற்கும் வரை திருகச் சொல்வார். கணக்குப் பார்த்தால் முழுக்க நிற்கக் கூடாது. ஒன்று 329.63 ஹெர்ட்ஸ், மற்றது 330. இரண்டே முக்கால் வினாடிக்கு ஓர் அலை என்ற மெல்லிய ஊசல் மிச்சம் இருக்க வேண்டும். அதை நிறுத்திவிட்டால் அடுத்தடுத்த கம்பிக்குப் போகப் போகச் சின்னப் பிழை சேர்ந்துகொண்டே போய்க் கீபோர்டோடு ஒட்டாது. இரண்டே முக்கால் வினாடிக்கு ஒன்றாக வரும் அந்த ஊசலை, பக்கத்தில் ஜெனரேட்டர் உறும, மைக்கில் ஒருவர் நன்றியுரை சொல்ல, மேலே வாணம் வெடிக்கக் கேட்டுப் பாருங்கள். முடியாது. நாங்கள் கேட்பது நேரம் மட்டும் இல்லை, கொஞ்சம் அமைதியும்.

ட்யூனர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நானும் வைத்திருக்கிறேன். செல்போன் ஆப்பில் மைக் வழியாகக் கேட்டுச் சொல்கிறவை திருவிழா மைதானத்தில் குழம்பும். கிட்டார் தலையில் மாட்டுகிற கிளிப் ட்யூனர் கட்டையின் அதிர்வையே பிடிப்பதால் இரைச்சலிலும் வேலை செய்யும். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது அதைத்தான். ஆனால் அதுவும் ஒரு கம்பிக்கு ஒரு நேரம் என்று ஆறு கம்பிக்கும் மறுசுற்று வர வேண்டும். அதோடு ட்யூனர் சொல்வது பன்னிரண்டு சம பங்காகப் பிரித்த ஸ்வரங்களை. கர்நாடக சங்கீதம் படித்த பாடகியின் காதில் இருக்கும் அந்தர காந்தாரத்தைவிடக் கிட்டாரின் காந்தாரம் அரை ஸ்வரத்தில் ஏழில் ஒரு பங்கு உயரம். “சார், உங்க சுதி ஏறியிருக்கு” என்று அவர் சொன்னால் அவர் காது சரியாகத்தான் இருக்கிறது, ட்யூனரும் சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் பாட்டின் தன்மைக்கு எந்தக் கம்பியை ஒரு மயிரிழை தணிக்கலாம், எந்தக் கார்டில் காந்தாரத்தை அழுத்தாமல் தொட்டு விடலாம் என்று இரண்டு பேரும் மேடையில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். வீணையில் மெழுகின் மேல் மெட்டுகளைக் காதால் நிறுத்தி மேளம் கட்டுகிறவர்கள் இந்த நுட்பத்தை நாள் முழுக்கச் செய்கிறார்கள். எங்களுக்கு மெட்டு அசையாது. பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூ, அவ்வளவுதான்.

கம்பியின் வயதும் ஒரு விஷயம். எவர்சில்வர் தட்டில் துரு ஏறாது, காந்தமும் பெரும்பாலும் ஒட்டாது. சேலத்துக்காரர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்கிட்டாருக்குக் காந்தத்துக்கு வசப்படுகிற உலோகம்தான் வேண்டும், இல்லையென்றால் பிக்கப்பில் சத்தமே பிறக்காது. அதனால் நாங்கள் மாட்டுவது பெரும்பாலும் எஃகு, மேலே நிக்கல் பூச்சு. சித்திரை இரவில் மூன்று மணி நேரம் வியர்வைக் கை பட்டால் அதில் துருப் புள்ளி விழும். துரு விழுந்த கம்பியின் கனம் இடத்துக்கு இடம் மாறும். பிறகு திறந்த கம்பி சுருதியில் இருந்தாலும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் பிடித்தால் விலகும். வாசித்து முடித்ததும் ஓர் ஈரிழைத் துண்டால் கம்பியின் அடிப்பக்கம் வரை துடைத்துவிட்டால் ஆயுள் கூடும். ஒரு நல்ல செட் ஐந்நூறு ரூபாய்க்கு மேல். பிள்ளைக்கு ஆசையாக மின்கிட்டார் வாங்கிக் கொடுக்கிற பெற்றோர், வருடக்கணக்காக அதே கம்பியை விட்டுவைத்துவிட்டு, பையனுக்கு ஞானம் வரவில்லை என்று நிறுத்திவிடுவதைப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை. சுருதி நிற்காத வாத்தியத்தில் எந்தப் பிள்ளைக்கும் காது வளராது.

இதெல்லாம் பட்டணத்து சபாவுக்குச் சரி, கிராமத்து ஜனங்களுக்கு இது போதும் என்று சொல்லும் குரல் ஒன்று உண்டு. குழுக்களுக்குள்ளேயே உண்டு. அதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். எங்கள் முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் வரிசையாக ஓடும் விசைத்தறிகளில் ஒன்றில் சத்தம் பிசகினால் திரும்பிப் பார்க்காமலே எந்தத் தறி என்று சொல்கிறவர்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் இந்தியா முழுக்கப் போய் ஆழ்துளை போடுகிறவர்கள். பாறை மாறியதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவர்கள். இவர்களுக்கா காது இல்லை? மூடுபனி படத்துக்காக 1980இல் இளையராஜா போட்டு யேசுதாஸ் பாடிய கிட்டார் பாட்டை எந்த ஊரிலும் சீட்டில் எழுதிக் கேட்பார்கள். கிட்டாரோடுதான் அந்தப் பாட்டு தொடங்கும். அந்தத் தொடக்கத்தில் ஒரு கம்பி விலகியிருந்தால் முன்வரிசையில் ஒரு முகமாவது சுருங்கும். நான் மேடையிலிருந்து பார்த்திருக்கிறேன். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் தம் மின் மாண்டலினில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது எந்த சபா செயலாளராவது “மணி ஆச்சு” என்று கத்தியிருப்பாரா? அந்த மரியாதை வாசிப்பவருக்கு மட்டும் உரியதா, டிக்கெட் வாங்கிக் கேட்டவர்களுக்கு மட்டும் உரியதா? அதே மரியாதை மல்லசமுத்திரத்து மைதானத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் உரியது.

இந்த ஊருக்கு மின்கிட்டார் புதுசும் இல்லை. டி.ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிறது. அந்தக் கம்பெனி அறுபதுகளிலும் 1970இலும் எடுத்த துப்பறியும் படங்களுக்கு வேதா இசையமைத்தார். ‘வல்லவன் ஒருவன்’ 1966, ‘சி.ஐ.டி. சங்கர்’ 1970. அந்தப் பாட்டுகளில் கிட்டார் முன்னால் வந்து நின்று பேசும். என் வயதுக்காரர்கள் பலருக்குக் கிட்டார் ஆசையே அங்கேதான் பிறந்தது. எங்கள் ஊர்ப் பேனரில் வந்த அந்த நாதத்தை எங்கள் ஊர் மேடையில் சுத்தமாகக் கொடுக்க முடியவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. நேரம் கிடைக்காத குழுக்கள் ட்ராக்குக்குப் போகின்றன. பென் டிரைவில் பின்னணி இசை ஓடும், பாடகர் மட்டும் நிஜமாகப் பாடுவார், கிட்டார்காரர் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பார். ட்ராக்குக்கு வெயிலும் இல்லை, சுருதியும் இல்லை, பொன்னாடை முடிந்த அடுத்த வினாடி தொடங்கிவிடும். கமிட்டிக்கும் வசதி. ஆனால் ஊர் பணம் கொடுத்தது பத்து மனிதர்கள் வாசிப்பதற்கு. வாசிக்கத் தெரிந்த பையன்களை வெறுமனே நிற்க வைப்பதைப் போல அவர்களை அவமானப்படுத்துவது வேறில்லை. அப்படி நின்றவர்களில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இப்போது மேடைக்கே வருவதில்லை. ஒருவர் லாரி பாடி பட்டறைக்குப் போய்விட்டார்.

நான் கேட்பது செய்யக்கூடியதுதான். மரியாதை செய்ய வேண்டியவர்களுக்குக் கோயில் முன்மண்டபத்தில், தீபாராதனை முடிந்ததும் அம்மன் சன்னிதியிலேயே பொன்னாடை போர்த்தலாம். அதைவிடப் பெரிய மேடை எது? அது நடக்கும்போது கச்சேரி மேடையில் விளக்கைப் போட்டுவிட்டு எங்களை விட்டுவிடலாம். மேடையில்தான் போட வேண்டும் என்றால் ஏழரைக்குள் முடித்து, அதன் பிறகு பதினைந்து நிமிடம் மைக்கையும் வாணத்தையும் நிறுத்தி வைக்கலாம். ஜனங்களுக்கு என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். சங்ககிரிப் பக்கம் ஓர் ஊரில் கமிட்டித் தலைவர் அப்படிச் சொன்னார்: “கம்பி சேர்க்கறாங்க, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க.” சின்னப் பிள்ளைகள் மேடை ஓரத்துக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். இடையில் ஏலம், குலுக்கல் என்று கச்சேரி நிற்கும்போது எங்களுக்கு இரண்டு நிமிடம் வேண்டும். அதற்குள் காற்று குளிர்ந்து ஜி கம்பி ஏறியிருக்கும்.

எங்கள் குழுவின் ஒப்பந்தத் தாளில் இந்த வரியைச் சேர்த்துவிட்டோம். முன்பணம், போக்குவரத்து, சாப்பாடு என்பதற்கு அடுத்த வரி. ஒரு குழு மட்டும் கேட்டால் கமிட்டி அடுத்த குழுவைப் பார்க்கும் என்பது எங்களுக்குத் தெரியும். போன பங்குனியில் அப்படி ஒரு தேதி கைவிட்டுப் போனது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கச்சேரி செய்கிற குழுக்கள் எல்லாம் ஒரே தாளில் ஒரே வரியாகக் கேட்டால் எந்தக் கமிட்டியும் மறுக்காது. குழு வைத்திருப்பவர்கள் தை பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் கூடிப் பேசலாம். தாளை அச்சடிக்கும் செலவை நான் ஏற்கிறேன்.